நொண்டி நாலு

அத்தியாயம் 6

அந்தச் சாமானை மேசையில் வைத்ததிலிருந்து சந்திரவதனாவால் மத்தியானச் சாப்பாட்டைத் தொட முடியவில்லை.

பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாண் நீளம்கூட வராது. கைத்துப்பாக்கியின் பிடிக்குள் நுழைக்கிற ரவைக்கூடு. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதை மகசின் என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தகரத்தை மடித்துச் செய்த கூடு, அடியில் ஒரு மரக்கட்டை. உள்ளே ரவை கிடையாது. ஆனாலும் செத்த எலியை யாரோ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தது போல அவளுக்குக் குமட்டியது. துரு, சப்பாத்துப் பொலிஷ், அதற்கு அடியில் வேறேதோ ஓர் எண்ணெய். வீட்டு வாடை அடிக்கிற எண்ணெய். அதுதான் அருவருப்பில் பாதி.

"அது ஒண்ணும் பண்ணாதுக்கா," என்றாள் கோதை. "ஜோடியில்லாத கட்டை. துப்பாக்கி இருந்தாத்தானே அதுக்கு வாழ்க்கை."

"நீர் சாப்பிடும்."

"நான் எப்பவோ முடிச்சாச்சு. உங்களோடதையும் பாதி முடிச்சாச்சு."

அப்பர் டூட்டிங் வீதியில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் சந்திரவதனாவின் விசாரணை அலுவலகம் இருந்தது. பொலிசுக்குச் சொல்ல விரும்பாததை நம் ஆட்கள் அங்கே வந்து சொல்வார்கள். கோதை கும்பகோணத்துக்காரி. டாக்டர் கணவனோடு லண்டன் வந்தவள். தட்டச்சு அடிப்பாள், கார் ஓட்டுவாள், மீதி நேரம் வாயை ஓட்டுவாள்.

விஷயம் இதுதான். சிவானந்தன் என்ற இருபத்தாறு வயதுப் பையன் போன நவம்பர் மூன்றாம் தேதி ஹீத்ரோவில் வந்திறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தான். ஆயுதம் எதையும் தொட்டதில்லை என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தான். குட்மேய்ஸில் அம்பலவாணன் வீட்டு மேலறையில் குடியிருந்தான். மூன்று கிழமைக்கு முன்பு அவனுடைய மெத்தைக்கு அடியில் இந்த ரவைக்கூடு கிடந்ததாக அம்பலவாணனே பொலிசைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெறும் ரவைக்கூட்டுக்கு இந்த நாட்டில் லைசன்ஸ் வேண்டாம். வழக்கில்லை என்று பொலிஸ் அதைச் சிவானந்தனின் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டது; அவர் அதை இங்கே அனுப்பியிருந்தார். ஆனால் அறிக்கையின் பிரதி குரோய்டன் குடிவரவு அலுவலகக் கோப்பில் ஏறிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு அங்கே கடைசி நேர்முகம். இது யாருடையது என்று காட்ட முடியாவிட்டால் சிவானந்தன் பொய்ச் சத்தியம் செய்தவன் ஆவான். அதற்குப் பிறகு விமானம். விமானத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி அந்த அலுவலகத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சந்திரவதனாவிடம் இந்த வழக்கைக் கொண்டுவந்தது அம்பலவாணனின் மனைவி தவமலர். வீட்டுத் தொலைபேசியில் அல்ல, வீதிப் பெட்டியிலிருந்து. "அவன் அப்பிடியான பிள்ளை இல்லை. நீர் பாரும் பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"எழும்பும், கோதை. டொலறஸ் அக்காவிட்டைப் போவம்."

*

டொலறஸ் இளவாலைக்காரி. டூட்டிங்கை அடுத்த பால்ஹமில் ஒரு நிலவறையில் பழைய யுத்தச் சாமான்களைத் துப்பரவாக்கிச் சேகரிப்பவர்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். அலமாரி முழுவதும் மண்ணெண்ணெய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புத் துண்டு ஊறிக்கொண்டு, அடியில் சளி மாதிரித் துரு தேங்கிக் கிடந்தது. சந்திரவதனா அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

டொலறஸ் ரவைக்கூட்டை வாங்கி ஒருமுறை திருப்பினாள். மூக்கைச் சுளித்தாள்.

"இதை எந்தக் கசாப்புக்காரன் தொட்டவன்?"

"ஏன் அக்கா?"

"சாமான் நல்ல சாமான். ஜெர்மன். முதலாம் யுத்த காலம். அடிக்கட்டை மரத்திலை இருந்தால் அந்தக் காலம். பிறகு அலுமினியத்துக்கு மாறிட்டாங்கள். தகரத்தை மடிச்சுப் பொருத்தியிருக்கிறதைப் பார். ஆனால் இவன் எமரித் தாள் போட்டு உரஞ்சியிருக்கிறான். மண்ணெண்ணெயிலை ஊறவிட்டு, மெல்லமாத் துடைச்சு, மண்ணிறம் போனவுடனை கையை எடுக்க வேணும். பள்ளம் கிடந்தால் கிடக்கட்டும். அதுதான் அதின்ரை வயசு. இது உரிச்ச ஆடு மாதிரிக் கிடக்கு." அவள் மரக்கட்டையை முகர்ந்தாள். "நல்லெண்ணெய். மரத்துக்கு நல்லெண்ணெய் தேச்சிருக்கிறான். இதுக்குத் தலை முழுக வாத்தவனோ?"

"சனிக்கிழமையா இருக்கும்," என்றாள் கோதை.

டொலறஸ் சிரிக்கவில்லை. கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு கட்டையின் அடியைப் பார்த்தாள். அங்கே 4417 என்று எண்ணும், மேலே ஒரு கூட்டல் குறியும் குத்தியிருந்தன.

"பட்டாளத்திலை துவக்கின்ரை நம்பரை மகசினிலையும் அடிப்பாங்கள். ஒரு துவக்குக்கு ரெண்டு. ரெண்டாவதுக்குத்தான் இந்தக் கூட்டல் குறி. ரெண்டும் தொலைஞ்சு, துவக்கு மட்டும் வைச்சிருக்கிற சேகரிப்பாளன் அந்த நம்பருக்காகத் தவம் கிடப்பான். அதாலை சில நாய்கள் பழைய நம்பரைத் தேய்ச்சுப்போட்டு, கேட்ட நம்பரை அடிச்சுக் குடுக்கும்." ஊசி ஒன்றை எடுத்து ஏழின் காலுக்குள் கிளறினாள். கறுப்புப் பொலிஷ் உரிந்து வந்தது. அடியில் மரம் வெளிறிப் புதிதாக இருந்தது. "எழுபது வருஷத்து எண் உள்ளுக்கும் கறுத்திருக்கும். இது அடிச்சு ஆறு மாசம் இருக்காது."

"அப்ப இதுக்குத் துவக்கு எண்டு ஒண்டு பெடியனிட்டை இருந்ததே இல்லை," என்றாள் சந்திரவதனா.

"இல்லை. பொறு, இன்னொண்டு இருக்கு. ரெண்டு நாலையும் பார்."

சந்திரவதனா குனிந்து பார்த்தாள். இரண்டு நாலுக்கும் நிமிர்ந்த கோட்டின் அடிநுனி இல்லை. குத்துகிற அச்சிலேயே அது உடைந்திருக்க வேண்டும்.

"நொண்டி நாலு," என்றாள் டொலறஸ். "இது எனக்குப் புதுசில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி ஒரு வெள்ளைக்கார மனுசன், ஓய்வெடுத்த வாத்தியார், இதே நம்பரோடை ஒரு மகசின் கொண்டந்தவர். கூட்டல் குறி இல்லாதது. அதிலையும் ரெண்டு நொண்டி. கள்ளச் சாமான் எண்டு சொன்னன். அழாத குறை. தை மாதம் பொலிசிலை குடுத்திட்டார். அடிச்சவனை இப்ப தேடுறாங்கள். இது அதின்ரை ஜோடி."

ஆக அந்த அச்சுக்காரனைப் பொலிஸ் தேடத் தொடங்கிய பிறகுதான் இது மெத்தைக்கு அடியில் போயிருக்கிறது. சந்திரவதனா அதை மனதில் ஒரு பக்கமாக வைத்தாள்.

"இந்த மஞ்சள் என்னெண்டுதான் எனக்குத் தெரியேல்லை," டொலறஸ் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "ஏதோ பசையாக்கும்."

கோதை குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"சந்தனம். நடுவுல குங்குமம் வேற." சட்டென்று கையைத் தட்டினாள். "ஆயுத பூஜைக்கா. எங்க அப்பா டைப்ரைட்டர், தையல் மெஷின் ஒண்ணு விடமாட்டார், எல்லாத்துக்கும் வைப்பார். இதை ஒரு தமிழன் தன் பட்டறையில மத்த ஆயுதத்தோட வச்சுக் கும்பிட்டிருக்கான். பூஜை போன அக்டோபர்ல. நம்ம பையன் வந்தது நவம்பர் மூணு."

"எண் அடிச்சது பூசைக்கு முன்னம். பிள்ளை வந்தது பூசைக்குப் பிறகு," என்றாள் சந்திரவதனா மெதுவாக.

"குட்மேய்ஸ் வீட்டுல பட்டறை வச்சிருக்கிற ஆள் யாரு?"

அதற்குப் பதில் சந்திரவதனாவுக்குத் தெரியும். தெரிந்ததும் வாயில் ஒரு கசப்பு ஊறியது. எண்பத்து நாலில் அவள் இந்த நாட்டுக்கு வந்தபோது முதல் ஆறு மாதம் இருந்த வீடு அது. அவளுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தவர் அம்பலவாணன்.

*

ரயிலில் கோதை விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். குரோய்டன் அதிகாரிக்கு ஆயுத பூசையை எப்படி விளக்குவது, நாட்காட்டியைச் சட்டத்தரணி எப்படிக் கையொப்பத்தோடு சமர்ப்பிப்பது என்று. சந்திரவதனா ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவைக்கூடு மடியில் கைப்பைக்குள் இருந்தது. அதன் கனம் தொடையில் உறுத்தியது.

கதவைத் திறந்தது அம்பலவாணன்தான். கோயில் சபைத் தலைவர். நெற்றி நிறைய விபூதி, விரல்களில் மூன்று மோதிரம்.

"எட, சந்திராவே. எத்தினை வருஷம். உள்ளுக்கை வா பிள்ளை. இவ ஆர், இந்தியாப் பிள்ளையோ?"

"ஆமாண்ணே. ஆனா கடிக்க மாட்டேன்," என்றாள் கோதை.

அவர் பெரிதாகச் சிரித்தார். தட்டிலிருந்து வடை ஒன்றை எடுத்து, கோதை நீட்டிய கையை விட்டுவிட்டு, நேரே அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மற்றவர்களுக்கு ஊட்டுவது அவருடைய பழக்கம். அந்த விரல்களின் நகக்கண்ணில் கறுப்புப் பொலிஷ் படிந்திருந்தது. எண்பத்து நாலில் சந்திரவதனா அந்த விரலிலிருந்து எத்தனை வடை வாங்கித் தின்றிருப்பாள்.

"அந்தப் பெடியன்ரை விஷயமாத்தானே வந்தனீ? என்ன செய்யிறது. வீடு குடுத்தன், சோறு குடுத்தன். மெத்தைக்குக் கீழை ஆயுதம். எனக்கு நித்திரையே இல்லை, பிள்ளை."

"பாவம்ணே," என்றாள் கோதை, வடையைக் கையில் வாங்கிக்கொண்டு. "முதல்லேருந்து சொல்லுங்க. நான் மெதுவாத்தான் புரிஞ்சுப்பேன்."

அவருக்குப் பேசக் கிடைத்தால் போதும். சந்திரவதனா எழுந்து குசினிக்குப் போனாள்.

தவமலர் அடுப்படியில் முதுகு காட்டி நின்றார். திரும்பியதும் அவர் கண் முதலில் சந்திரவதனாவின் முகத்துக்கல்ல, கைப்பைக்குத்தான் போனது.

"மலர் அக்கா, பின்னாலை பட்டறைக்குள்ளை ஒருக்கா பார்க்க ஏலுமோ?"

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தோட்டத்து மூலையில் பலகைக் கொட்டில். உள்ளே ஈரமும் எண்ணெயும் சேர்ந்த முடை. கோயில் குத்துவிளக்குகள் இரண்டு ஒப்புக்கு முன்னால் நின்றன. மேசையில் குறடு, அரங்கள், எமரித் தாள், சப்பாத்துப் பொலிஷ் டப்பா, ஒரு போத்தல் நல்லெண்ணெய். ஒவ்வொரு கருவியிலும் ஒரு பொட்டு. குறட்டின் தாடையில், அரங்களின் பிடியில், மின்சாரக் கேத்திலில்கூட.

"ஆயுத பூசைக்கு அம்பலம் அண்ணை வைச்சவரோ?"

"அவர் உதொண்டும் செய்யார். வருஷா வருஷம் நான்தான்."

கோதை சொன்னது சரியாகிவிட்டது. நாட்காட்டி, தேதி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சந்திரவதனா குறட்டுப் பொட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். அது பொருக்கு மாதிரி உதிர்ந்தது. ஆறாத புண்ணில் மேலாகக் காய்ந்த பொருக்கு. நான்கு மாத எண்ணெயும் தூசியும் ஊறிக் கறுத்து வெடித்திருந்தது. அரத்தில் இருந்ததும் அப்படித்தான். எல்லாமே கறுப்பு.

அவள் கைப்பையைத் திறந்து ரவைக்கூட்டை எடுத்து, குறட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதிலிருந்த பொட்டு மஞ்சளாக இருந்தது. எண்ணெய் பூசிய பிறகு, எண்ணெய்க்கு மேல் வைத்த பொட்டு. மூன்று கிழமைதான் வயது.

ரயிலில் கட்டிய அத்தனையும் சரிந்தது. இது அக்டோபர்ச் சந்தனம் அல்ல. நாட்காட்டியால் நாளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சிவானந்தன் மேலறையில் இருந்த நாட்களில் யாரோ இதைக் கையில் எடுத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் பொட்டு வைக்கிற கை ஒன்றுதான்.

"மலர் அக்கா," என்றாள். "மெத்தைக்குக் கீழை வைச்சது ஆர்?"

தவமலர் கொட்டில் கதவைச் சாத்தினார். சாத்திய கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பொலிஸ் வீடு வீடா விசாரிக்குதாம், பழைய சாமான் செய்யிற ஆக்களை எண்டு கோயிலிலை ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டைக்கு இவர் நடுங்கிப்போய் வந்தவர். உதை என்ரை கையிலை தந்து, மேலை கொண்டுபோய் வை எண்டார். பெடியன் அகதிக் கேஸ்காரன், அதோடை இதுவும் போகட்டும் எண்டார்."

"நீங்கள் வைச்சனீங்கள்."

"வைச்சன்."

"வைக்கேக்கை பொட்டு."

"சாமியறையிலை அரைச்ச சந்தனம் இருந்தது. வெள்ளைக்காரனுக்கு அது ஊத்தை. ஆரும் எங்கடை ஆக்கள் பார்த்தால் விளங்கும், இது இந்த வீட்டுச் சாமான் எண்டு விளங்கும் எண்டு நினைச்சன். பிறகு உமக்குப் போன் எடுத்தன். உம்மடை கண்ணிலை படும் எண்டு தெரியும்."

சந்திரவதனாவுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. அழுகிய பழத்தைத் தெரியாமல் கடித்துவிட்ட அருவருப்பு. இந்த அம்மா அந்தப் பையனுக்குக் காலையில் புட்டு அவித்துக் கொடுத்திருக்கிறார். அவன் படுக்கையை விரித்திருக்கிறார். விரித்த கையாலேயே இதைச் செருகி, செருகுவதற்கு முன்பு ஒரு பொட்டையும் வைத்து, மிச்சத்தைச் சொல்ல இன்னொருத்தியின் வாயைத் தேடியிருக்கிறார்.

"ஒரு உயிர் போற விஷயம். உங்களாலை ஏலுமானது ஒரு பொட்டு."

தவமலர் இடுப்பில் செருகியிருந்த குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். சிவப்புக்குள் விரலை விட்டுச் சிறிய இரும்புத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். விரல் நீளம் வரும். நுனியில், கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறி, ஒரு நாலு. அடிநுனி உடைந்த நாலு.

"அச்சு எல்லாத்தையும் குப்பையிலை போடச் சொன்னவர். இதை மட்டும் எடுத்து வைச்சனான். கொண்டுபோம்."

"நான் கொண்டுபோய் என்னெண்டு சொல்லுறது? கைப்பைக்குள்ளை கிடந்தது எண்டோ? இது எங்கை இருந்தது, ஆர் தந்தது எண்டு சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு."

"என்ரை வாயாலை ஏலாது பிள்ளை. முப்பது வருஷம் கட்டின மனுசன்."

அவரைத் திட்டுவதற்குச் சந்திரவதனா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"செபமாலைமுத்துவை ஞாபகம் இருக்கோ?"

தவமலரின் முகம் மாறியது. எண்பத்து நாலு மார்கழியில் அதே மேலறையில் இருந்த மன்னார்ப் பையன். அம்பலவாணனின் மணிக்கூட்டைத் திருடினான் என்று பனிக்குள் ஒரு பையோடு இறக்கி விடப்பட்டவன்.

"அந்த மணிக்கூடு அம்பலம் அண்ணையின்ரை கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை கிடந்தது. கோட்டைத் தோய்க்கக் குடுக்க எடுத்த நான் கண்டனான். என்ரை கடிதத்திலை அவர் அப்ப கையெழுத்து வைக்கேல்லை. வைக்க இன்னும் ரெண்டு நாள் இருந்தது. நான் கோட்டைத் திரும்பக் கொழுவிப்போட்டு வந்து உங்களோடை வெங்காயம் உரிச்சனான்." அவள் ரவைக்கூட்டை எடுத்து மறுபடியும் கைப்பைக்குள் வைத்தாள். விரலில் சந்தனம் ஒட்டியது. "நான் ஒரு பொட்டுக்கூட வைக்கேல்லை, அக்கா. அவன் இப்ப எங்கையெண்டும் தெரியாது."

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தவம், தேத்தண்ணி எங்கை?"

"வாறன்," என்றார் தவமலர். முப்பது வருடம் சொன்ன அதே தொனி. கொட்டில் கதவைத் திறந்துகொண்டு போனார்.

சந்திரவதனா பின்னால் போனாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

முன்னறையில் அம்பலவாணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கோதையின் கையில் அந்த வடை கடிபடாமல் குளிர்ந்துபோயிருந்தது. தவமலர் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தார். சேலைக்கு மேல் குளிர்க் கோட்டுப் போட்டிருந்தார்.

"எங்கை வெளிக்கிட்டனீ?" என்றார் அம்பலவாணன்.

தவமலர் கோட்டுப் பையிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். அதில் இன்னும் குங்குமம் ஒட்டியிருந்தது.

கோப்பைக்கு நீண்ட கை பாதியில் நின்றது.

"உதை ஏன் இஞ்சை..." என்றார். பிறகு கோதையைப் பார்த்தார். "உது என்னெண்டே எனக்குத் தெரியாது."

"நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே," என்றாள் கோதை.

அவர் எட்டி எடுப்பதற்குள் தவமலர் அதைத் திரும்ப எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"சட்டத்தரணியிட்டைப் போறன்," என்றார். "பெடியன்ரை அறையிலை வைச்சது நான். வைக்கச் சொன்னது நீங்கள். ரெண்டையும் சொல்லப்போறன்."

"விசரே உனக்கு? என்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

"என்னையும்தான்," என்றார் தவமலர். "தேத்தண்ணி ஆறப்போகுது. குடியுங்கோ."

ஸ்டேஷனுக்கு மூவரும் நடந்தே போனார்கள். மேடையில் குளிர் காற்று அடித்தது. தவமலர் பொத்திய கையைத் திறக்கவே இல்லை. கோதை தன் கைக்குட்டையில் சுற்றியிருந்த வடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா, உங்க விரல்ல," என்று கைக்குட்டையை நீட்டினாள்.

சந்திரவதனா விரலைப் பார்த்தாள். மஞ்சள் கொஞ்சம், நடுவில் சிவப்பு. முகர்ந்தாள். சந்தனம் மணத்தது, அடியில் அந்த எண்ணெயும்.

"இப்ப வேண்டாம்," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகு கழுவுறன்."